குளம் புளித்த மாதம்

என் முதல் ஆய்வு மானிய விண்ணப்பம் பல்கலைக்கழக வாசலைக்கூடத் தாண்டவில்லை. 2016-இல் நான்கு மாதம் உட்கார்ந்து எழுதியது. உள்மதிப்பீட்டுக் குழுவிலிருந்து திரும்பி வந்தபோது முதல் பக்கத்தின் ஓரத்தில் மலாயில் இரண்டே சொல் இருந்தன: பெஞெலிடிக்கான் குனாஆன். பயன்பாட்டு ஆய்வு. பயனுள்ள ஆய்வு என்று பாராட்டியிருக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் புரிந்தது, அதுதான் நிராகரிப்பு.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பிறந்தது அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றில். லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட பிறகு அப்பா வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில்தான் இப்போதும் வாசம். பேராக்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை. தினமும் காரில் போய்வருகிறேன். பாடம் நடத்துவது, தேர்வுத்தாள் திருத்துவது, தர ஆவணங்கள் நிரப்புவது என்று வாரம் ஓடிவிடும். ஆனால் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: வெளி மானியம், தொகை எவ்வளவு. அந்தக் கட்டத்தில் ஆறு ஆண்டு பூஜ்யம் எழுதியவள் நான்.

என் துறை கழிவுநீர் வேதியியல். வேறெதைப் படிப்பது? சின்ன வயதில் காற்று திசை மாறினால் செம்பனை ஆலையின் கழிவுக்குளத்து வாடை வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்துவார். ஒரு டன் கச்சா செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றரை டன் வரை கழிவுநீர் வரும். வெளியே வரும்போது 80, 90 டிகிரிச் சூடு. அதன் உயிரிய ஆக்சிஜன் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977-இல் வந்த கச்சா செம்பனை எண்ணெய் ஒழுங்குவிதிகள் இதற்கு வரம்பு வைத்தன. முதலில் 5,000, அப்புறம் படிப்படியாக இறக்கி 1984-இல் 100. ஏழெட்டு ஆண்டுகளில் இவ்வளவு இறக்கியதற்கு முக்கியக் காரணம் இயந்திரமல்ல. வரிசையாக வெட்டிய குளங்களும் அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் நுண்ணுயிரிகளும்தான்.

என் முதல் விண்ணப்பத்தின் தலைப்பு, 'செம்பனை ஆலைக் கழிவுநீரை மலிவான முறையில் சுத்திகரித்தல்' என்ற பொருளில் இருந்தது. நல்ல நோக்கம்தானே? ஆனால் நான் விண்ணப்பித்த மானியம் எஃப்.ஆர்.ஜி.எஸ். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம். அரசு, தனியார் இரண்டு தரப்புப் பல்கலைக்கழகத்தாரும் போட்டியிடலாம், நான் விண்ணப்பித்த காலத்தில் உச்ச அளவு 250,000 ரிங்கிட். பெயரிலேயே அடிப்படை இருக்கிறது. அவர்கள் கேட்பது புதிய அறிவு, புதிய கோட்பாடு, ஒரு கருதுகோள். "இதைச் சரிசெய்கிறேன்" என்று போனால், அதற்கு முன்மாதிரி மானியம் என்று வேறு கதவு இருக்கிறது, அங்கே போ என்பார்கள். நான் துணிக்கடையில் போய் அரிசி கேட்டிருக்கிறேன். வழிகாட்டிக் கையேட்டின் முதல் மூன்று பக்கத்தில் இது அச்சில் இருந்தது. நான் படித்தது தொகையையும் கடைசித் தேதியையும் மட்டும்.

இதைச் சொல்லும்போது என் சக விரிவுரையாளர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் என்னிடம் வரைவு காட்ட வருகிறவர்களில் பாதிப் பேர் இதே தவறோடுதான் வருகிறார்கள். பொறியியல்காரர்கள் இன்னும் அதிகம். அவர்களுக்கு எதையாவது செய்து காட்டாவிட்டால் தூக்கம் வராது.

சரி, கேள்வி எங்கிருந்து கிடைத்தது என்று சொல்கிறேன். நூலகத்தில் இல்லை.

அப்பாவோடு ஒரே பெரட்டுக்களத்தில் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) நின்ற ஒருவர், பக்கத்து ஆலையில் குளத்து வேலைக்குப் போயிருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை இன்னும் பாப்பா என்கிறார், எனக்கு நாற்பதைத் தாண்டியும். முதல் நிராகரிப்புக்குப் பிறகு, மாதிரி எடுத்துப் பழகலாம் என்று ஆலை நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை போனேன். கடையில் வாங்கிய சாதாரணத் தண்ணீர் போத்தலைக் கழுவி எடுத்துப் போயிருந்தேன். ஆலையிலிருந்து வரும் வாய்க்காலில், கம்பில் கட்டிய வாளியால் மொண்டு ஊற்றினேன். மூச்சு விடுவதற்குள் போத்தல் இடுப்பில் சுருங்கி, கழுத்து வளைந்து, அழுக்குத் துணி மாதிரி கையில் தொங்கியது. பழுப்புக் குழம்பு காலணியில் வழிந்தது.

"என்ன பாப்பா, டாக்டர் பட்டம் வாங்கி இதுதான் படிச்சியா?" என்று மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஓர் இரும்புக் குவளையைக் கழுவித் தந்து, "ஆற வச்சு ஊத்து" என்றார். ஆய்வுக்கூடத்தில் இதைவிடக் குறைந்த வார்த்தையில் யாரும் எனக்கு ஒரு செய்முறையைக் கற்றுத்தந்ததில்லை.

அன்று குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார்.

"பழம் அதிகமா வர்ற மாசத்துல மேலக் குளம் புளிச்சிடும் பாப்பா. மாவு ஒரு ராத்திரி கூடுதலா கெடந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி மணம். குமிழி நின்னு போயிடும். கீழக் குளம் தாங்கிக்கும். ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான், ஒரே ஆழந்தான். ஏன்னு எனக்குத் தெரியல. ஆபீஸ் கிராணிகிட்டக் கேட்டேன், அவருக்கும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். புளிப்பது ஏன் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. காற்றில்லாக் குளத்தில் இரண்டு நுண்ணுயிரிக் கூட்டம் உண்டு. ஒன்று கழிவை உடைத்து அமிலமாக்கும், வேகமாக. மற்றொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் வாயுவாக விடும், மெதுவாக. இந்த இரண்டாம் கூட்டத்துக்கு அமில-கார அளவு 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பழம் அதிகமாக வரும் பருவத்தில் ஆலை ஓயாமல் ஓடும், கழிவுநீர் கூடும், குளத்தில் அது தங்கும் நாட்கள் குறையும். முதல் கூட்டம் சமைத்துக்கொண்டே போக, இரண்டாம் கூட்டம் தின்று முடிக்க முடியாமல் திணறும். அமிலம் ஏறும், குமிழி நிற்கும். இது தெரிந்த கதை. ஆனால் ஒரே சுமையைத் தாங்கும் இரண்டு குளங்களில் ஒன்று மட்டும் ஏன் மீள்கிறது என்பதற்கு நான் தேடிய கட்டுரைகளில் நேரான பதில் இல்லை. உறுப்பினர்கள் வேறா, ஒரே உறுப்பினர்கள் வேறு விதமாக வேலை செய்கிறார்களா, அடிச்சேற்றில் ஏதாவது சேமிப்பு இருக்கிறதா?

அதுதான் என் அடிப்படை ஆய்வுக் கேள்வி. தமிழில் சொன்னால் ஒரு வரி. படிவத்தில் எழுத எனக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆனது.

2017-இல் இரண்டாம் விண்ணப்பம். இந்த முறை பல்கலைக்கழகத்தைத் தாண்டி அமைச்சின் மதிப்பீட்டுக் குழுவரை போனது. அங்கே விழுந்தது. கருத்துரைகளை மூன்று வாரம் திறக்கவில்லை. திறந்து படித்தபோது கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது. ஐந்து நோக்கங்கள் எழுதியிருந்தேன். செய்முறைப் பகுதியில் மூன்றுக்குத்தான் வழி இருந்தது. மற்ற இரண்டும் கனம் சேர்க்கப் போட்டவை. ஆரம்பத் தரவு என்று எதுவுமில்லை. 'மாமா சொன்னார்' என்று எழுத முடியாதே.

கருத்துரைகளை எப்படிப் படிப்பது என்று இப்போது எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு தாளை இரண்டாக மடிக்கிறேன். இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வார்த்தை மாற்றாமல். வலப்பக்கம், என் விண்ணப்பத்தின் எந்தப் பக்கத்து எந்த வரி அவர்களை அப்படிச் சொல்லவைத்தது என்பது. "மதிப்பீட்டாளருக்குத் துறை தெரியவில்லை" என்று வலப்பக்கம் எழுதக் கை துடிக்கும். எழுதக் கூடாது. துறை தெரியாதவருக்கும் புரியும்படி எழுதாதது யார் தவறு?

ஆரம்பத் தரவுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு ஆரம்பத் தரவு வேண்டும். வேலை அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை என்பது மாதிரியான சுழல் இது. இதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது எங்கள் பல்கலைக்கழகத்தின் உள்மானியம். 10,000 ரிங்கிட். அதைக் கேட்கவே எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. இரண்டு லட்சத்துக்குக் குறி வைத்தவள் பத்தாயிரத்துக்குக் குனிவதா என்று. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் திட்டியிருப்பார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்கிய குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊர்க்காரருக்கு இந்தக் கணக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பத்தாயிரத்தில் சோதனைக் குப்பிகள் வாங்கினேன், ஒரு நல்ல குளிர்பெட்டி வாங்கினேன், இரண்டு குளத்திலும் ஏழு மாதம் மாதிரி எடுத்தேன். மரபணு வரிசை பார்க்க நான்கே நான்கு மாதிரிக்குத்தான் காசு இருந்தது. பழம் குறைந்த மாதத்தில் இரண்டு, அதிகமான மாதத்தில் இரண்டு. நான்கு மாதிரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு படம் வரைய முடிந்தது. மூன்றாம் விண்ணப்பத்தில் அந்த ஒரு படம் செய்ததை என் முந்தைய இருபது பக்க இலக்கிய மீளாய்வு செய்யவில்லை.

பயிற்சிப் பட்டறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன். என்னிடம் ஒரு தடித்த கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருக்கின்றன. 'உயர்தரக் கட்டுரை எழுதுவது எப்படி', 'மானியம் வெல்லும் இரகசியங்கள்' போன்றவை. பெரும்பாலும் காலையில் பசியாறல், நூறு படவில்லைகள், மதியம் பிரியாணி, குழுப் படம். அடுத்த நாள் நினைவிருப்பது பிரியாணி. பயிற்சி மணி நேரத்தைக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதற்காகப் போவதும், கணக்கில் காட்டவே நடத்துவதுமாகப் பாதி ஆண்டு போய்விடுகிறது.

ஒரே ஒரு பட்டறை வேறு மாதிரி இருந்தது. நடத்தியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். பேச்சே இல்லை. பெயர் நீக்கிய ஆறு பழைய விண்ணப்பங்களையும் மதிப்பெண் தாளையும் கொடுத்து, "ஒன்றுக்கு இருபது நிமிடம்" என்றார். மூன்றாவதைத் தொடும்போதே எனக்குக் கண் சொருகியது. நான்காவதில் சுருக்கத்தையும் நோக்கங்களையும் வரவுசெலவையும் மட்டும் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, என் விண்ணப்பத்தையும் யாரோ ஒருவர் இரவு பதினொரு மணிக்கு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, நான்காவதாகப் படித்திருப்பார். அன்றிலிருந்து சுருக்கத்தைக் கடைசியில் அவசரமாக எழுதுவதை விட்டேன். அதை எழுத ஒரு வாரம் ஒதுக்குகிறேன், துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கத் தருகிறேன். என் விஷயத்தில் அது இடைநிலைப்பள்ளி வரலாற்று ஆசிரியையான என் அண்ணி. "இந்த வரி எதுக்கு?" என்று அண்ணி கேட்டால், பதில் சொல்லத் தொடங்கும் முன் அடித்துவிடுவேன்.

வாய்ப்புக் கிடைத்தால் மதிப்பீட்டாளராக இருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் உள்மானியக் குழுவில் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள், யாரும் முன்வர மாட்டார்கள். கூலியில்லா வேலைதான். ஆனால் கட்டணம் கட்டிப் போகும் பத்துப் பட்டறைக்குச் சமம்.

கட்டணம் என்றதும் இன்னொன்று. தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது முக்கியம். "பயிற்சிக்கு நிதி இல்லை" என்ற பதிலை நான் பல ஆண்டு நம்பினேன். மனிதவள மேம்பாட்டுக் கழகத்தின் சட்டத்துக்கு உட்பட்ட துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியரை வைத்திருக்கும் முதலாளி சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சித் தீர்வையாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்குத்தான். எங்கள் நிர்வாகமும் கட்டிவந்தது என்பது மனிதவளப் பிரிவில் இருக்கும் ஒரு தோழியோடு மமாக் (இந்திய முஸ்லிம்) உணவுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) குடித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பயிற்சி தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பிறகு பில்லை நீட்டினால் நடக்காது. நேரே போய், "தீர்வைக் கணக்கில் இருப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சி ஒன்றுக்கு அப்படித்தான் போனேன். என் கைக்காசு ஒரு வெள்ளி செலவாகவில்லை. அமைச்சின் உயர்கல்வித் தலைமைத்துவக் கழகமான அக்கெப்டும் 2008 முதல் உயர்கல்விக்கூடத்தாருக்குப் பயிற்சிகள் நடத்திவருகிறது. அதன் அட்டவணையையும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

2019-இல் மூன்றாம் விண்ணப்பம். நோக்கம் மூன்று. கேள்வி ஒன்று. கேட்டது 118,000 ரிங்கிட். உச்ச வரம்பைத் தொட வேண்டும் என்ற ஆசை இல்லை. ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வேலை இருந்தது, அதுதான் கணக்கு. முடிவு வந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆய்வுப் பிரிவு உதவியாளர் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருந்தார். மாணவர்களுக்கு அன்று பத்து நிமிடம் முன்னதாக விடுதலை.

பணம் வந்த பிறகு தொல்லை தொடங்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. நம் மானியங்களில் செலவுக்கு எண் தலைப்புகள் உண்டு. 11000 என்றால் ஆய்வு உதவியாளர் ஊதியம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருள்கள், 29000 வெளியாரிடம் வாங்கும் தொழில்முறைச் சேவை, 35000 கருவிகள். ஒரு தலைப்பில் இருப்பதை இன்னொன்றுக்கு நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது, அனுமதி வாங்க வேண்டும். நான் மரபணு வரிசைச் செலவைப் பொருள்கள் பக்கம் போட்டுவிட்டேன். அது வெளி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கும் சேவை. ஆகவே 29000. அந்த ஒரு தவறைத் திருத்தக் கடிதம், கையொப்பம், மறுபடி கடிதம் என்று ஐந்து வாரம். மாமாவுக்குக் கொடுக்க நினைத்த சிறு ஊதியமும் எந்தத் தலைப்பில் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பட்டதாரி உதவியாளர் இல்லை, ஆலோசகர் என்றால் தன்விவரக் குறிப்பு கேட்பார்கள். கடைசியில் அதையும் 29000-க்குள் கொண்டுவந்தோம். தன்விவரக் குறிப்பை நானே எழுதினேன்: குளத்தருகே பத்தொன்பது ஆண்டு அனுபவம்.

அதனால்தான் சொல்கிறேன், வரவுசெலவை எழுதும் முன் நிதிப்பிரிவில் பில் போடுகிறவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பிரிவுத் தலைவரோடு உட்காருவதால் இந்தப் பலன் வராது. பில் போடுகிறவருக்குத்தான் எந்த விலைப்புள்ளி திரும்பி வரும், எந்தக் கையொப்பம் தாமதமாகும் என்று தெரியும். தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு போகிறது, இன்றுவரை.

மாதிரி எடுக்கத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு. ஆய்வுக்கூடம் பூட்டு. ஆலை மட்டும் குறைந்த ஆட்களோடு ஓடியது. குளத்து வேலைக்கு மாமா போய்வந்தார். மாதிரியை அவர் எடுத்தாலும் வைக்க இடமில்லை, கொண்டுவர வழியில்லை. ஒரு நாள் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். "என்னா பாக்கணுமோ சொல்லு, எழுதி வைக்கிறேன்" என்றார்.

பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் எழுதினார். தேதி, மழை உண்டா இல்லையா, எத்தனை லோரி பழம் வந்தது, மேலக் குளத்தின் நிறம், கீழக் குளத்தின் நிறம், குமிழி. குமிழிக்கு அவரே ஓர் அளவு வைத்துக்கொண்டார்: 'இல்லை', 'கொஞ்சம்', 'சோறு கொதி'. மணத்துக்கு 'நல்ல மாவு', 'புளி', 'கெட்ட புளி'. ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தைப் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்புவார். ஒரு ஓரத்தில் தேநீர்க் குவளை வட்டம் தெரியும். ஆய்வுக்கூடம் திறந்து, நாங்கள் அமில அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர் 'புளி' என்று எழுதத் தொடங்கியதற்கு மூன்று நான்கு நாளுக்குப் பின்னால்தான் மீட்டர் அதைக் காட்டும் என்பது தெரிந்தது. அவர் மூக்கு எங்கள் மீட்டருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் புத்தகத்தைத்தான் இணைத்தேன். வேலை நிற்கவில்லை என்பதற்கு அது சாட்சி. நீட்டிப்புக் கேட்பவர்களுக்கு ஒன்று: காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது கேட்காதீர்கள். முன்னேற்ற அறிக்கையைத் தவறாமல் கொடுத்தவர் கேட்டால் ஒரு பார்வை, கொடுக்காதவர் கேட்டால் இன்னொரு பார்வை. அறிக்கையில் பின்னடைவை ஒளிக்க வேண்டியதும் இல்லை.

வெளியீட்டில் நான் பட்ட அடியையும் ஒளிக்கக் கூடாது. மானியம் கிடைப்பதற்கு முன், பதவி உயர்வு அவசரத்தில், இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொள்கிறோம் என்ற ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். கட்டணம் 1,800 ரிங்கிட். அந்த மாதம் எனக்கு விழுந்த கூட்டுக் காசு (சீட்டுப் பணம்) அப்படியே போனது. மதிப்பீட்டுக் கருத்து மூன்று வரி, அதில் ஒரு வரி வாழ்த்து. ஒன்றரை ஆண்டில் அந்த இதழ் தரவுத்தளப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது எந்த இதழுக்கும் அனுப்பும் முன் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலை அந்த வாரமே பார்க்கிறேன், அதில் வந்த இரண்டு கட்டுரைகளை முழுதாகப் படிக்கிறேன். படிக்க முடியாத அளவுக்கு மோசமாக இருந்தால் நம்முடையதும் அங்கே போக வேண்டியதில்லை. மானியம் தருகிறவர்கள் இறுதியில் கேட்பது தரமான இதழில் கட்டுரையும், பட்டம் முடித்த மாணவரும். இதில் இரண்டாவது என்னைக் கூடுதலாகப் பதறவைத்தது. நல்ல முதுகலை மாணவி ஒருத்தி பாதியில் வங்கி வேலைக்குப் போனாள். கோபப்பட முடியவில்லை, அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். செம்பனை சம்பந்தமான ஆய்வென்றால், மலேசிய செம்பனை வாரியம் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குத் தரும் உதவித் திட்டத்தை முதல் நாளே மாணவர் பெயரில் பார்த்து வையுங்கள். நான் தாமதமாகப் பார்த்தேன்.

வேறு கதவுகளும் உண்டு. மலேசியா தோரே அறிவியல் அறவாரியம் இளம் ஆய்வாளர்களுக்கு மானியம் தருகிறது. எனக்கு அது தெரியவந்தபோது வயது வரம்பு தாண்டியிருந்தது. முப்பதுகளில் இருப்பவர்கள் இன்றே பாருங்கள். சமூகவியல், வரலாறு என்று ஜப்பானோடு தொடர்புபடுத்தக்கூடிய தலைப்பில் இருப்பவர்களுக்கு சுமித்தோமோ அறவாரியம் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்திலிருந்து போனவர்களைப் பற்றி ஆராயும் என் தோழிக்கு நான் அதைத்தான் சொன்னேன். வெளிநாட்டில் சில காலம் ஆய்வு செய்ய அமெரிக்காவுக்கென்றால் ஃபுல்பிரைட் உதவித்தொகை. மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனிக்கென்றால் டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, அதில் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரையிலான ஆய்வுத் தங்கல் உண்டு. பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் வைத்திருக்கும் பெண்களுக்கு இந்தக் குறுகிய காலம் ஒத்துவரும். ஓராண்டு என்றால் வீட்டில் பேச்சே எடுபடாது. எதற்குமே, அங்குள்ள பேராசிரியரின் அழைப்புக் கடிதம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தக் கடிதத்துக்கு நான் ஒன்பது பேருக்கு மின்னஞ்சல் போட்டேன். பதில் போட்டவர் ஒருவர். அவரும் முதலில் கேட்டது, "ஒரே தண்ணீர் வரும் இரண்டு குளமா? படம் இருக்கிறதா?" என்பதுதான்.

கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று கேட்பீர்கள். பாதி கிடைத்தது. கீழக் குளத்தில் பழைய சேறு தடித்துப் படிந்திருந்தது. மேலக் குளத்தில் சில ஆண்டுக்கு முன் சேற்றை வாரியிருக்கிறார்கள். மெதுவாக வளரும் அந்த இரண்டாம் கூட்டம் அடிச்சேற்றில் பதுங்கியிருந்து மீண்டும் பரவுவதாக எங்கள் தரவு காட்டுகிறது. கட்டுரை வெளிவந்தது, நன்றியுரையில் மாமா பெயர் இருக்கிறது. அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆங்கிலம் என்பதால் தன் பெயர் எங்கே என்று மட்டும் கேட்டார். காட்டினேன். விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, "அப்ப சேத்த வாரச் சொன்ன மேனேஜர் பேரு எங்க?" என்றார்.

மானியக் கணக்கு முடிந்து இறுதி அறிக்கையும் கொடுத்தாயிற்று. குளிர்பெட்டி சொத்துப் பட்டியலில் போய்விட்டது, கேட்டு வாங்கப் படிவம் வேண்டும். போன அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார்.

"பாப்பா, இந்தத் தடவ கீழக் குளமும் புளி வாடை அடிக்குது. வர்றியா?"

சேலையை மாற்றவில்லை. அம்மாவின் மீன் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டு, கண்ணாடிப் போத்தல் இரண்டு எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினேன்.